வெந்நீர் அறையில் ஒரு தெரியும்காரர்

தெரியும்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு ஊருக்குப் புதிதாக வந்திறங்கி, கையிலிருக்கும் பெட்டியைத் தரையில் வைப்பதற்கு முன்பே, அந்த ஊரில் பிறந்து வளர்ந்து பல் விழுந்த மனிதரை நிறுத்தி, “இந்தச் சந்தில் போனால் சீக்கிரம் போகலாம்” என்று வழி சொல்கிறவர் அவர். அவருக்குப் போகாத ஊர் உண்டு, தெரியாத ஊர் கிடையாது. கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த ஊரைப் பற்றி அச்சில் வந்தது, திரையில் வந்தது, வயிற்றுப்போக்கு கண்டு திரும்பியவர் புலம்பி எழுதியது என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார். அவர் ஊரைப் பார்க்க வருவதில்லை. சரிபார்க்க வருகிறார்.

எங்கள் மொராக்கோ நாட்டு மராக்கேஷுக்குக் குளிர்காலம் வந்தால் போதும், இந்த இனம் கூட்டங்கூட்டமாக வந்துவிடும். கடைத்தெருவில் இவர்களைச் சமாளிப்பது சுலபம். கம்பளக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒரு கம்பளத்தைச் சுருட்டித் தோளில் ஏற்றி அனுப்பிவிடுவார். ஆனால் குளியல்கூடத்தில் என்ன செய்வது? அரைக்கால் சட்டையோடு, உடம்பெல்லாம் சோப்போடு, புகை மாதிரி நிற்கும் ஆவிக்குள்ளே உட்கார்ந்திருப்பவன் எழுந்து எங்கே ஓடுவான்? தெரியும்காரருக்கு இதைவிட நல்ல சபை உலகத்தில் வேறெங்கும் அமையாது.

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் எங்கள் தெருக் குளியல்கூடத்துக்குள் ஹென்னிங் என்ற டென்மார்க்காரர் வந்தார். அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். தெரியாமல் போன ஒரே விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது ஜிலாலியின் விஷயம்.

ஜிலாலிதான் அந்தக் குளியல்கூடத்தில் முதுகு தேய்ப்பவர். முப்பது வருஷமாக அவர் ஒருவர்தான். கையில் அந்தக் கரகரப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் ஓர் இழுப்பு இழுத்தால், போன ரமலானுக்கு முந்தைய அழுக்கும் எழுந்து வெளியே வரும். வந்த அழுக்கைத் திரித்து, உருட்டி, உங்கள் கண் முன்னாலேயே நீட்டிக் காட்டுவார். “பாருங்க, இதையா இத்தனை நாள் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்க?” என்பார். நாங்களும் வெட்கப்பட மாட்டோம், பெருமையாகத்தான் பார்ப்போம். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கூப்பிட்டால்தான் போவார். கூப்பிடாத முதுகில் கை வைக்கிற தேய்ப்பவர் எங்கள் ஊரில் கிடையாது. வைத்தால் அன்றைக்கே அவர் மரியாதை போய்விடும்.

இந்த ஜிலாலியின் மகள் இப்திஸாமுக்கும், தோல்செருப்பு வியாபாரி ஹாஜி தைபியின் மகன் அனஸுக்கும் கல்யாணம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் ஏற்கெனவே மனதுக்குள் பேசி முடித்துவிட்டன. பெரியவர்கள் வாயால் முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்காக ஹாஜியைக் குடும்பத்தோடு வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார் ஜிலாலி. தன் கையாலேயே தஞ்சியா வைத்தார். கழுத்துக் குறுகிய மண்குடத்தில் கறி, பூண்டு, சீரகம், உப்பில் ஊறிய எலுமிச்சை எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால் இறுக்கிக் கட்டி, குளியல்கூடத்து அடுப்பின் சாம்பலில் விடியற்காலையிலேயே புதைத்து வைக்கிற சமையல் அது. எங்கள் ஊரில் அதை ஆண்கள் மட்டுமே சமைப்பார்கள். அதனால் அதில் ஒரு குறை சொன்னால், அது சாப்பாட்டில் சொன்ன குறையாக இருக்காது.

ஹாஜி தைபி மூன்று வாய் சாப்பிட்டார். விரலைச் சப்பினார். பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க தெருப் பக்கம் சீரகத்தை இப்படி அள்ளிக் கொட்ட மாட்டோம்.”

ஜிலாலி சும்மா இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டும். “உங்க தெருப் பக்கம் கறியவே இப்படி அள்ளிப் போட மாட்டீங்களே, ஹாஜி” என்றார்.

அவ்வளவுதான். ஹாஜி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நின்று நாற்பது நாள் ஆகிவிட்டது. இப்திஸாம் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தேநீர்க் குவளையை அவர் முன்னால் ‘டொக்’கென்று வைத்துவிட்டுப் போவாள். அந்தச் சத்தம் ஒவ்வொரு நாளும் ஜிலாலியின் நெஞ்சிலேயே விழுந்தது. இதற்கு நடுவில் வந்த சேதி இன்னும் மோசம்: வருகிற சனிக்கிழமை ஹாஜி குடும்பத்தோடு சாஃபி ஊருக்குப் போகிறாராம், அங்கே அவர் அக்கா ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாஜி வியாழன்தோறும் அதே குளியல்கூடத்துக்கு வருவதை மட்டும் விடவில்லை. வேறு இடத்துக்குப் போனால் தோற்றுவிட்டதாக ஆகுமே! வருவார், மூலையில் உட்காருவார், கை எட்டுகிற இடமெல்லாம் தானே தேய்த்துக்கொள்வார், போவார். ஜிலாலியைக் கூப்பிட மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் முதுகைக் காட்டி ‘கொஞ்சம் தேயுங்க’ என்று கேட்பதும், கேட்டவருக்குத் தேய்த்துக் கொடுப்பதும் எங்கள் வழக்கம்தான். முன்பின் தெரியாதவரும் மறுக்க மாட்டார். ஆனால் இந்தச் சண்டை தெரு முழுக்கத் தெரிந்த சண்டை. அந்த முதுகைத் தொட்டால் ஒரு கட்சியில் சேர்ந்ததாக ஆகிவிடும் என்று எல்லாரும் பாழுங்கிணற்றைக் கண்ட மாதிரி அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆக, நாற்பது நாள் தேய்க்காத முதுகு. தூரத்தில் இருந்து அதைப் பார்க்கப் பார்க்க ஜிலாலிக்குக் கை துறுதுறுத்தது. ஒரு தரம் கூப்பிட்டால் போதும். மன்னிப்புக் கேட்டு, காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுவார். ஆனால் கூப்பிட வேண்டுமே? சனிக்கிழமைக்கு முன்னால் அந்த வியாழன்தான் கடைசி வியாழன்.

அந்த வியாழனில்தான் ஹென்னிங் வந்து சேர்ந்தார்.

வாசலில் துணிமணி வாங்கி வைக்கும் ஸி துஹாமி, “வாங்க முஸ்யூ, வாங்க” என்றார். வெளிநாட்டுக்காரர் யாரானாலும் எங்களுக்கு ‘முஸ்யூ’தான்.

“வணக்கம், பெரியீர். தங்கள் நீராடுமிடத்தை நாடி யான் வந்துள்ளேன்” என்றார் ஹென்னிங்.

ஆமாம், அவர் அரபி படித்திருந்தார். புத்தகத்தில். அந்த அரபியை எங்கள் தெருவில் பேசினால், வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் மேடையை விட்டு இறங்கி வந்து தக்காளி விலை கேட்கிற மாதிரி இருக்கும். ஸி துஹாமி மரியாதைக்காக எழுந்தே நின்றுவிட்டார்.

“செருப்பை இங்க விடுங்க. வாளி உள்ள இருக்கு.”

“அறிவேன், அறிவேன்.”

தெரியும்காரரின் மூச்சே இந்தச் சொல்தான் என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா? எந்த மொழியில் பேசினாலும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். ‘தண்ணீர்’, ‘பசி’, ‘காப்பாற்றுங்கள்’ எல்லாம் அப்புறம்.

உள்ளே நுழையும்போது இடது காலைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று அவர் படித்திருந்தார். வாசற்படியில் நின்றார். எது இடது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் படியைப் படி என்று கணக்கிடுவது என்பதில் ஒரு குழப்பம். முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி. இரண்டு தரம் இறங்கி ஏறினார். அவருக்குப் பின்னால் துண்டும் வாளியுமாக ஆறு பேர் நின்றார்கள்.

“என்னய்யா, கல்யாண ஊர்வலமா? நகருங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“பொறுத்தருள்வீராக. இது தங்கள் மரபு” என்றார் ஹென்னிங், திரும்பாமலேயே.

வெந்நீர் அறைக்குள் வந்ததும் வேலையை ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் மிச்ச வெந்நீரைச் சாக்கடை வாயில் ஊற்றப் போனார். ஹென்னிங் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். “ஐயகோ! அங்கே ஜின்கள் உறைகின்றன. கொதிநீர் பட்டால் சினங்கொள்ளும்.”

தபால்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எழுபது வருஷமா நான் இங்க ஊத்துறேன் தம்பி. அவங்களே என்னைப் பார்த்தா நகந்துக்குவாங்க” என்றார். கூடம் சிரித்தது. ஹென்னிங்கும் சிரித்தார். தெரியும்காரர்களிடம் இது ஒரு நல்ல குணம். தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு ஒருநாளும் வராது.

பிறகு ஜிலாலியைக் கூப்பிட்டார். ஜிலாலி வந்தார், படுக்க வைத்தார், ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பை உடம்பெல்லாம் பூசினார், ஊற விட்டார், நாலு வாளித் தண்ணீர் விட்டுச் சுத்தமாகக் கழுவினார், கையுறையை மாட்டினார். கை தன் வேலையைச் செய்தது. கண் மட்டும் மூலையில் இருந்தது. மூலையில் ஹாஜி தைபி ஒரு கையைத் தோளுக்கு மேலேயும் மறு கையை இடுப்புக்குக் கீழேயும் வளைத்து, நடு முதுகை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். எட்டவில்லை.

“தாங்கள் கீழிருந்து மேலாகத் தேய்த்தல் நலம்” என்றார் படுத்திருந்த ஹென்னிங். “அப்போதுதான் குருதி இதயத்தை நோக்கிச் செல்லும்.”

“சரிங்க.”

“கையுறையின் நெசவு ஆட்டு உரோமம் அன்றோ?”

“இல்லீங்க, இது மில் நூலு.”

“அறிவேன். ஆனால் முற்காலத்தில் ஆட்டு உரோமம்.”

ஜிலாலிக்கு நாலு பதில் வாயில் வந்தது. விழுங்கினார். நாற்பது நாளாக அவர் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது. கடைசியில் கையையும் தோளையும் மடக்கி, ஒரு நெட்டி முறித்து, “எழுந்துக்கலாம் முஸ்யூ, ஸஹ்ஹா” என்று வாழ்த்தி அனுப்பினார்.

ஹென்னிங் எழுந்து உட்கார்ந்தார். உடம்பு சிவந்து பளபளத்தது. நீர் புகாத ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். சுற்றுமுற்றும் பார்த்தார். அடுத்திருப்பவர் முதுகைத் தேய்த்துக் கொடுப்பது இந்நாட்டு மரபு என்பதுதான் அவர் படித்ததிலேயே பெரிய விஷயம்; அதைச் செய்யாமல் ஊர் திரும்பினால் வந்ததே வீண். தேய்க்காமல் கிடக்கும் முதுகு ஒன்று வேண்டும். மூலையில் ஒன்று இருந்தது.

“மதிப்பிற்குரியீர், தங்கள் முதுகை யான் தேய்க்க இசைவு தருவீரா?”

வாளிச் சத்தம் நின்றது. தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. ஹாஜி தைபி தலையை நிமிர்த்தி ஹென்னிங்கைப் பார்த்தார். ஹென்னிங்குக்குப் பின்னால் நின்ற ஜிலாலியைப் பார்க்காத மாதிரி பார்த்தார். “தாராளமா தேயுங்க முஸ்யூ” என்றார், சுவருக்கும் கேட்கிற குரலில். “அந்நியர் கையில மரியாதை இருக்கும். இந்த ஊர்ல சில பேருக்குக் கையும் நீளம், வாயும் நீளம்.”

போயிற்று. இத்தனை நாள் அந்த முதுகு ஒன்றுதான் ஜிலாலிக்கு நம்பிக்கையாக இருந்தது. என்றைக்காவது அரிப்புத் தாங்காமல் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று இருந்தார். அதையும் இந்த டென்மார்க்காரர் தீர்த்துவிட்டால் ஹாஜி நிம்மதியாக சாஃபிக்கு வண்டி ஏறிவிடுவார்.

ஆனால் தெரியும்காரருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எப்போதும் கையில் இருக்கும், புத்தகத்தில் இருக்காது. ஹென்னிங் கறுப்புச் சோப்பை அள்ளிப் பூசினார். ஊறவிட்டார், கடிகாரம் பார்த்து. பிறகு கழுவாமலேயே கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தார். சோப்பு இருக்கிற முதுகில் கையுறை பிடிக்குமா? வழுக்கியது. மேலே வழுக்கியது, கீழே வழுக்கியது. அழுக்கு ஒரு நூல்கூட வரவில்லை.

“வியப்பு! தங்கள் முதுகில் மாசு யாதொன்றும் இல்லை” என்றார் ஹென்னிங்.

“பாத்தீங்களா?” என்றார் ஹாஜி, கூடத்தைப் பார்த்து. ஆனால் அந்தக் குரலில் ஒரு நெளிவு இருந்தது. வழுவழுப்பான கை மேலே போகப் போக உள்ளே கிடந்த நாற்பது நாள் அரிப்பும் விழித்துக்கொண்டது. தோளை அசைத்தார். சுவரில் சாய்ந்தார். “கொஞ்சம் அழுத்தித் தேயுங்க. இல்ல, அங்க இல்ல. வலது பக்கம். ஐயோ, அது இடது பக்கம்!”

ஜிலாலி வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டார். கழுவச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை, ‘கழுவுங்க’. ஆனால் சொன்னால், ‘பாரு, இங்கேயும் குறை சொல்ல வந்துட்டான்’ என்று ஹாஜி எழுந்து போய்விடுவார். சொல்லாமல் நின்றார். நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பக்கத்திலிருந்த தபால்காரருக்குத் தெரிந்தது. அவர் ஜிலாலியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தேய்ப்பு முடிந்ததாக ஹென்னிங் முடிவு செய்தார். மிச்சம் இருந்தது நெட்டி முறிப்பது. அதையும் அவர் படித்திருந்தார், படத்தோடு. “இனித் தங்கள் மூட்டுகளைத் தளர்த்துவேன்” என்று சொல்லிவிட்டு, ஹாஜியின் வலது கையைப் பின்னால் வளைத்து, முட்டியை நடு முதுகில் கொடுத்து, ஓர் இழுப்பு இழுத்தார்.

ஹாஜி தைபி மக்காவுக்குப் போய் வந்தவர். அறுபத்திரண்டு வயது. தெருவில் குரல் உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டோம்.

“யா ஜிலாலி! ஓடி வாங்க! இந்த ஆளைப் பிடிச்சு இழுங்க! ஜிலாலீ...!”

கூப்பிட்டாகிவிட்டது. ஜிலாலி எப்படி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. வழுக்குகிற தரையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் அப்படிப் பாய்ந்தது அதுதான் முதல் தடவை. ஹென்னிங்கின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். ஹாஜியைக் குப்புறப் படுக்க வைத்தார். ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி. சோப்பு போயிற்று. கையுறையை மாட்டினார். நடு முதுகில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

ஹாஜியின் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு எந்த மொழியிலும் எழுத்து கிடையாது. அழுக்கு சேமியா மாதிரி திரண்டு திரண்டு வந்தது. ஜிலாலி பழக்கத்தில் அதை உருட்டி, ஹாஜியின் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது, இது கேலியாகப் போய்விடும் என்று. கை அப்படியே நின்றது.

ஹாஜி அதை ரொம்ப நேரம் பார்த்தார். “இவ்வளவா?” என்றார் மெதுவாக.

“நாற்பது நாள், ஹாஜி.”

ஹாஜி மறுபடி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். கல்தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உங்க சீரகம் அதிகம்தான், ஜிலாலி.”

பதில் இருந்தது. நாற்பது நாளாகத் தீட்டித் தீட்டி வைத்த நல்ல பதில்கள் மூன்று இருந்தன. ஜிலாலி மூன்றையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். “குறைச்சுக்கறேன், ஹாஜி” என்றார். சொன்னபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

ஹாஜி தலையை மட்டும் திருப்பினார். “ரொம்பக் குறைச்சுடாதீங்க” என்றார் பிறகு. “அனஸ் அம்மா அன்னையிலேர்ந்து அதையே கேட்டுக்கிட்டிருக்கா, அந்த மாதிரி ஒரு தடவை வெச்சுக் காட்டுங்கன்னு. நானும் வெச்சுப் பாத்தேன். வரல.” கையால் தோளைக் காட்டினார். “சனிக்கிழமை சாஃபிக்குப் போகலை. உங்க வீட்டுக்கு வர்றோம். குடத்தைப் பெரிசா எடுங்க, கறி நான் வாங்கிட்டு வர்றேன். இப்ப இங்க, இங்க கொஞ்சம் தேயுங்க.”

தபால்காரர்தான் முதலில் வாளியைத் தட்டினார். பிறகு கூடம் முழுக்க வாளி தட்டியது. கல்யாண வீட்டில்கூட அப்படி ஒரு மேளம் கேட்டதில்லை.

இவ்வளவு நடக்கும்போது ஹென்னிங் ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்தார். ஜிலாலி வேலையை முடித்துவிட்டு நேராக அவரிடம் போனார். அவர் ஈரத் தலையை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் முத்தமிட்டார். “முஸ்யூ, நீங்க மட்டும் இல்லேன்னா என் பொண்ணு வாழ்க்கை போயிருக்கும்” என்றார்.

“அறிவேன்” என்றார் ஹென்னிங்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் அதை எழுதியிருக்க வேண்டும். மராக்கேஷ் குளியல்கூடத்தில் பெரியவர் ஒருவரின் கையைப் பின்னால் வளைத்து இழுப்பது மிகுந்த நட்பின் அடையாளம், அவர் அலறினால் எல்லாரும் வாளி தட்டி மகிழ்வார்கள், அழுதுகொண்டே முத்தமிடுவார்கள் என்று. ஏனென்றால் அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருவராவது வந்து, கூடத்தை ஒரு பார்வை பார்த்து, ஹாஜி தைபியை நோக்கிப் புன்னகையோடு நடக்கிறார். ஹாஜி இப்போது சுவரை ஒட்டித்தான் உட்காருகிறார். சம்பந்தி பக்கத்திலேயே காவல் நிற்கிறார்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை. ஒரு வாளி வெந்நீர் உங்கள் மேல் விழவில்லை. இருந்தும் கறுப்புச் சோப்பை நன்றாகக் கழுவிய பிறகுதான் கையுறை போட வேண்டும் என்று ஹென்னிங்கைப் பார்த்து மனதுக்குள் கத்தினீர்கள் அல்லவா? சீரக விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்பதில்கூட இந்நேரம் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். போகட்டும். நாளைக்கே யாராவது உங்கள் எதிரில் உட்கார்ந்து, “அடுத்த மாசம் மொராக்கோ போறேன்” என்று சொல்வார்கள். அவர்கள் அந்த ஒரு காப்பியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள்.